மூட்டையின் தபால்காரி

அவளுக்குத் தபால்காரி என்று பெயர் வைத்தது அவள் தம்பிதான். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கம்பெனியில், ஒரே மாடியில் வேலை. அந்தக் கம்பெனி செய்ததெல்லாம் ஒரே ஒரு சரக்கு. இன்டர்நெட்டில் பக்கங்களைப் பார்க்க ஓர் உலாவி, மெயில் அனுப்ப ஒரு பகுதி, முகவரிகளை வைத்துக்கொள்ள ஒன்று, சொந்தமாக ஒரு பக்கம் எழுதிப் போட ஒன்று என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒற்றை மென்பொருள். வெளியே விற்பதற்கு அதற்குப் பளபளப்பாக ஒரு பெயர் இருந்தது. உள்ளே வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது மூட்டைதான். மூட்டையில் மெயில் பகுதி அவள் பொறுப்பு. உலாவிப் பகுதியில் இருந்த தம்பி ஒருநாள் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு, "தபால்காரம்மா, எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டான். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

மூட்டை நுழையாத வீடு இல்லை என்று ஒரு காலம் இருந்தது. அது நெடுநாள் நிற்கவில்லை. கம்ப்யூட்டருக்கே அடிப்படையான மென்பொருளைச் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று, தன் உலாவியைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தே சும்மா கொடுக்க ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்தாலே உள்ளே ஓர் உலாவி உட்கார்ந்திருக்கும்போது, கடைக்குப் போய் இன்னொன்றை யார் வாங்குவார்கள்? அக்காவும் தம்பியும் இருந்த மாடியில் ஒவ்வொரு வாரமும் ஒரு மேசை காலியானது. காலியான மேசைகளின் நாற்காலிகளை மற்றவர்கள் இழுத்துக்கொண்டார்கள். தபால்காரிக்கும் அப்படித்தான் கை வைத்த நாற்காலி ஒன்று கிடைத்தது.

ஒரு காலை எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். கம்பெனித் தலைவர் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்றார். மூட்டையை இனிமேல் யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அதோடு அதை எழுதிய மூல நிரல் முழுவதையும் உலகத்துக்கே திறந்து வைக்கப் போகிறோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். இனி நாம் இருநூறு பேர் மட்டும் இல்லை, உலகமே நமக்காக வேலை செய்யும் என்றார். கை தட்டினார்கள். தம்பி எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினான்.

தபால்காரி தட்டவில்லை. மற்றவர்கள் மறந்துவிட்ட ஒரு விஷயம் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. நிரல் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே தங்களுக்குள் குறிப்பு எழுதி வைப்பார்கள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. அடுத்து வந்து படிக்கிறவருக்காக எழுதுவது. வருஷக் கணக்கில் அவசரத்தில் எழுதிய குறிப்புகள் எந்த லட்சணத்தில் இருக்கும்? 'இந்த இடத்தைத் தொட்டால் குடும்பத்தோடு நாசமாய்ப் போவாய்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றதால் இப்படிச் செய்தேன், என்னைத் திட்டாதே' என்று இன்னொருவர். போட்டிக் கம்பெனிக்காரரின் பிறப்பைப் பற்றி மூன்றாமவர். இவற்றையெல்லாம் தேடி எடுத்துத் துடைக்கும் வேலை மெயில் பகுதியில் அவள் தலையில் விழுந்தது. பல வாரங்கள் அதுவே வேலை. பாதி வழியில் அவள் எழுதிய குறிப்பே ஒன்று எதிரே வந்தது: 'இதை எழுதும்போது எனக்குக் காய்ச்சல். எப்படி ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.' அதை மட்டும் அவள் அழிக்கவில்லை. உண்மைதானே என்று விட்டுவிட்டாள்.

துடைத்து, வேறு கம்பெனிகளிடம் வாங்கிச் சேர்த்திருந்த பாகங்களை வெட்டி எடுத்து, ஒருவழியாகத் திறந்து வைத்தார்கள். வெட்டியதில் அதிக ரத்தம் போனது மெயில் பகுதிக்குத்தான். எழுத்துப் பிழை பார்க்கும் பாகம் போயிற்று, பிறர் படிக்காதபடி மெயிலைப் பூட்டி அனுப்பும் பாகம் போயிற்று, கடைசியில் அனுப்புகிற பாகமே போயிற்று. உலகம் வந்து எடுத்துக்கொண்ட மூட்டையில் மெயில் அனுப்பவே முடியாது. முதல் நாள் ஊரே வந்து எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தவர்கள் நிரலின் சிக்கலைக் கண்டு, நல்லா இருங்க என்று போய்விட்டார்கள். தங்கி வேலை செய்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

பிறகு மூத்தவர்கள் கூடிப் பேசி, இந்தப் பழைய நிரலுக்கு ஒட்டுப் போட்டு மாளாது, அடியிலிருந்தே புதிதாக எழுதுவோம் என்று முடிவு செய்தார்கள். ஒரு வருஷத்தில் முடியும் என்றார்கள். அந்த ஒரு வருஷம் ரப்பர் மாதிரி இழுத்தது. அதற்குள் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவர்களுக்கு விற்பனைக்கு ஏதாவது காட்ட வேண்டும். அரைகுறையாக இருந்த புதிய மூட்டையை அடித்துப் பழுக்க வைத்து வெளியே விட்டார்கள்.

அதன் லட்சணத்தைத் தபால்காரிக்கு வீட்டிலேயே சொல்ல ஆள் இருந்தது. அவள் மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் சிநேகிதிகள் அத்தனை பேருக்கும் நாள் முழுவதும் மெயில் எழுதுவார். சாப்பாட்டு மேசையில் மருமகள் வந்து உட்கார்ந்ததும் அன்றைய புகார் தொடங்கும்.

"பட்டனை அழுத்தினா உடனே போகாம, யோசிச்சுச் சொல்றேங்கற மாதிரி நிக்குதும்மா. நான் அதுக்குள்ள ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்துடறேன்."

"தெரியும் அத்தை. சரி பண்றோம்."

"போன வாரமும் இதத்தான் சொன்ன."

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் இந்தப் பேச்சுக்கு நடுவில் வரவே மாட்டார். ஒருத்தி பெற்றவள், ஒருத்தி கட்டியவள்; நடுவில் போனால் சட்னிதான் என்று தெரிந்த மனுஷர். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடித்தும் கை கழுவ எழுந்திருக்கவில்லை. தட்டின் ஓரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அவனும் கூட வேலை செய்யும் இன்னொருவனும் சேர்ந்து ஒன்று செய்து பார்த்தார்களாம். மூட்டையிலிருந்து உலாவியை மட்டும் தனியாக உருவி எடுத்து, வேண்டாததையெல்லாம் கழற்றி, சின்னதாக ஒன்று. குட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். கண் இமைக்கிற நேரத்தில் திறக்கிறதாம். தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்களாம்.

"மெயில்?" என்றாள் அவள்.

"மெயில் இல்லக்கா. அதத் தனியா வேற யாராவது செஞ்சுக்கட்டும்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூட்டைய அவுத்தாத்தான் தூக்க முடியும். அவ்வளவு கனம் அது."

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவளும் அதையே எதிர்பார்த்தாள். வந்தது கோபம் இல்லை. பேருந்தில் நெடுநேரம் நின்றுகொண்டே வந்தவருக்கு, பக்கத்தில் காலியான இடத்திலும் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் வருமே ஓர் அலுப்பு, அதுதான் வந்தது. அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். மாமியார் தினமும் அதைத்தானே வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். கை காய்ந்துபோகுது, எழுந்து கழுவுடா என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த கோடையில் கம்பெனி மூட்டைப் பிரிவையே இழுத்து மூடியது. கட்டிடத்தின் முன்னால் இருந்த பெயர்ப் பலகையை ஏணி வைத்துக் கழற்றினார்கள். நிரலைப் பாதுகாக்க அறக்கட்டளை ஒன்றை வைத்து, ஒரு சிலரை மட்டும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். தம்பியைக் கூப்பிட்டார்கள். அவளைக் கூப்பிடவில்லை. அவனுக்கு அது உறுத்தியது. நான் பேசிப் பார்க்கிறேன் என்றான். வேண்டாம், பேசாதே என்று சொல்லிவிட்டாள். கேட்டு வாங்கிய இடத்தில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் என்பது அவள் கட்சி. குடிநீர் வாரியத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் இருந்தது. அதில் போய்ச் சேர்ந்தாள். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எப்போது உடைந்தது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலை சாயங்காலத்தோடு முடிந்துவிடும். அந்த ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது.

மூட்டையை அங்கேயே அவள் தலைமுழுகியிருக்கலாம். ஆனால் வாரக் கடைசியில் மெயில் பகுதியை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. யாரோ எங்கிருந்தோ பிழை ஒன்றைச் சொல்லி எழுதியிருப்பார்கள். அது எந்த வரியில் இருக்கும் என்று படிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? திருத்திவிடுவாள். ஒன்றைத் திருத்தினால் நன்றி சொல்லி இரண்டு பேர் இன்னும் மூன்று பிழைகளைக் கொண்டுவருவார்கள்.

குட்டி பெரிய ஆளாகிவிட்டது. குடிநீர் வாரியத்தில் அவள் எதிர் மேசையில் இருந்த பெண், புது உலாவி ஒன்று வந்திருக்கிறது, போட்டுப் பாருங்கள், சும்மா பறக்கிறது என்று அவளிடமே சொன்னாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். என் தம்பி செய்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொல்லும் தெம்பு அன்று அவளுக்கு இல்லை.

அந்த வருஷமே அறக்கட்டளை அறிவித்தது: இனி மூட்டைக்குப் புதிய பதிப்புகள் கிடையாது. எங்கள் கவனமெல்லாம் குட்டி மீதுதான். மூட்டையை விரும்புகிறவர்கள் தாங்களே வைத்து நடத்திக்கொள்ளலாம். ஆனால் பழைய பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது.

வைத்து நடத்துகிறோம் என்று கிளம்பியவர்கள் சின்னக் கூட்டம். ஒருவர் பல் டாக்டர். நோயாளி வாயைத் திறந்து வைத்து மருந்தில் ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் நிரல் எழுதுகிறவர். ஒருவர் கப்பலில் ரேடியோ அதிகாரி. கரைக்கு வந்தால்தான் பேச்சே வரும். மற்றவர்கள் வந்து போகிறவர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. புதுப் பெயருக்காக மாதக் கணக்கில் மெயிலில் அடித்துக்கொண்டு, கடைசியில் டாக்டர் சொன்ன ஒரு மீனின் பெயரை வைத்தார்கள். அது எப்படிப்பட்ட மீன் என்று பார்த்துவிட்டு எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும் என்று தபால்காரி நினைத்தாள். பார்ப்பதற்குள் முடிவாகிவிட்டது. அவளுக்கு மட்டும் அது கடைசிவரை மூட்டைதான்.

பதிப்புகளைச் சேர்த்துக் கட்டி வெளியிட யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். மௌனம் நீண்டது. இந்த ஒரு தடவை நான் செய்கிறேன் என்று அவள் எழுதினாள். அந்த ஒரு தடவை அவள் தலைமுடி நரைக்கும்வரை நடந்தது.

மூட்டைக்கும் குட்டிக்கும் அடியில் ஓடியது ஒரே நிரல்தான். பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டுகிற அதை இயந்திரம் என்பார்கள். அந்த இயந்திரம் அறக்கட்டளை கையில் இருந்தது. அவர்கள் சம்பளம் வாங்கும் நூற்றுக்கணக்கான பேர். வாராவாரம் எதையாவது கழற்றுவார்கள், மாற்றுவார்கள். அவர்கள் ஒரு திருகாணியைத் திருப்பினால் இங்கே மூட்டையில் ஒரு ஜன்னல் திறக்காது. அதைச் சரிசெய்து மூச்சு விடுவதற்குள் அடுத்த திருகாணி. வாரியத்தில் குழாய்கள் உடைகிற கதையும் இதுவும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. அங்கேயாவது பள்ளம் தோண்ட வேறு ஆள் உண்டு. வருஷம் தவறாமல் கண்ணாடியின் பவர் ஏறியது. கணவர் புது வில்லையைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டே, "நம்ம கடைக்கு நீதான் தவறாம வர்ற வாடிக்கை. நீயும் நிறுத்திட்டா நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்பார். நிறுத்து என்று அவர் சொன்னது அந்த ஒரு விதத்தில்தான்.

தம்பி மாதம் ஒருமுறை வருவான். வேலையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளாமலே ஏற்பாடு. மாமியார் மட்டும் அவனைப் பார்த்தால், உன் குட்டியில மெயில் எங்கேப்பா வெச்சிருக்க என்று கேட்டுக் கிண்டல் செய்வார். அவன் சிரித்து மழுப்புவான்.

ஒருநாள் வாரியத்தில் அவள் மேசைக்கே போன் செய்தான். அலுவலக நேரத்தில் அவன் அழைத்ததே இல்லை. யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று பதறி எடுத்தாள்.

"அக்கா, நான்தான். ஒரு விஷயம் உன்கிட்ட முதல்ல சொல்லிடணும். நாளைக்கு அறிவிப்பு வருது. பழைய ஜன்னல் பாகம் இருக்கில்ல, அத முழுசா எடுக்கிறோம். இனிமே இயந்திரத்துல அது இருக்காது."

மூட்டையின் ஒவ்வொரு ஜன்னலும், ஒவ்வொரு மெனுவும், மெயில் பகுதியின் முகம் முழுவதும் அந்தப் பாகத்தால் கட்டியதுதான். அதை எடுத்தால் மூட்டையில் மிஞ்சுவது கயிறுதான்.

"யார் முடிவு?" என்று கேட்டாள்.

"கூட்டத்துல எடுத்தது. கையெழுத்து நான்தான் போட்டேன்" என்றான். "அதுல திருடங்க நுழையற மாதிரி ஓட்டை மேல ஓட்டை. அடைக்கிறதுக்கு எங்ககிட்ட ஆள் இல்ல. வெச்சிருந்தா குட்டியும் சேர்ந்து போயிடும்."

"நான் உன் இடத்துல இருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டிருப்பேன்டா."

"திட்டிடு அக்கா. நல்லா இருக்கும்."

"இங்க எதிர்ல ஆள் இருக்கு. வெச்சுடறேன்."

போனை வைத்துவிட்டு அவள் குழாய் வரைபடத்தைத் திறந்தாள். அன்று உடைந்த குழாய்களைச் சிவப்பில் குறித்தாள். எதிர் மேசைப் பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, தூக்கம் போதவில்லை என்றாள். பொய்யில்லை.

மூட்டையை நடத்திய சின்னக் கூட்டம் மெயிலில் கூடியது. இயந்திரம் போகிற வேகத்தில் ஓடிப் பிடிக்க இனி முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நிறுத்திவிடலாம் என்று வந்து போகிறவர்களில் சிலர் எழுதினார்கள், எழுதிவிட்டுப் போனார்கள். வழி காட்டியது டாக்டர்தான். பழைய பாகம் இருக்கிற கடைசி இயந்திரத்தை அப்படியே நிறுத்தி வைத்துக்கொள்வோம். புதிய இயந்திரத்தில் அவர்கள் அடைக்கும் ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஒட்டாக நாம் பழையதில் கையால் போடுவோம் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று தபால்காரி கேட்டாள். முடிகிற வரைக்கும் என்று பதில் வந்தது. பல் பிடுங்குகிறவருக்கு எல்லாமே முடிகிற வரைக்கும்தான் போல என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சரி என்றாள்.

ஒருவர் அளவுக்கு வெட்டிய சட்டையை இன்னொருவருக்குப் பிரித்துத் தைப்பது போன்ற வேலை அது. ஓர் ஒட்டு பொருந்தினால் அடுத்தது கை நீளம், அதற்கடுத்தது கழுத்து இறுக்கம். சனி, ஞாயிறு அதிலேயே போயிற்று. கணவர் நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்குத் தனியாகப் போய், அவளுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தார். பல வருஷங்களாக ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தலைவலிக்காரியாகத்தான் தெரியும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அறக்கட்டளையும் ஆட்டம் கண்டது. கம்ப்யூட்டரை விட்டு ஜனம் போனுக்குப் போய்விட்டது. போனில் வேறொரு பெரிய கம்பெனியின் உலாவி முதலிலேயே உட்கார்ந்திருந்தது. குட்டியை வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள். ஆட்களைக் குறைக்கிறோம் என்றார்கள். முதல் குறைப்பில் தம்பி தப்பினான். இரண்டாவதில் தப்பவில்லை. காலையில் ஒரு வீடியோ அழைப்பு. அதைப் பேசிய பெண்ணை அவனுக்கு முன்பின் தெரியாது. மத்தியானத்துக்குள் அவன் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. குட்டிக்கு முதல் வரி எழுதியவர்களில் ஒருவன் என்பது அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருக்குமா என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தான். சோபாவில் செருப்போடு உட்கார்ந்தான். மாமியார் அதைப் பார்த்தார். குட்டியைப் பற்றி எதுவும் கேட்காமல், அவன் கையில் டீயைக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அவரிடம் அவ்வளவு அடக்கத்தைத் தபால்காரி அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரங்களில் தம்பிக்கு இரண்டு இடங்களிலிருந்து வேலைக்குக் கேட்டார்கள். போகவில்லை. இனிமேல் ஓர் உலாவியின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றான். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவரைப் பார்ப்பான் என்று அவன் மனைவி போன் செய்து வருத்தப்பட்டாள். தபால்காரி கணவரிடம் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடையில் வில்லை தீட்டுகிற பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், மச்சானுக்கு மனசிருந்தால் வரட்டும் என்றார். உபகாரம் மாதிரி இல்லாமல், தனக்கே கஷ்டம் என்பதுபோல் அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது.

தம்பி வந்தான். முதல் வாரம் வில்லைகளை உடைத்தான். பிறகு கை வந்தது. ஒரு வில்லை முடிந்தால் முடிந்ததுதான் அத்தான், அடுத்த வாரம் எவனும் வந்து அதப் புதுசா செய்யச் சொல்ல மாட்டான் என்று அத்தானிடம் சொன்னானாம். அத்தான் சிரித்துவிட்டு, நம்ம வாடிக்கையாளர்களை நீ இன்னும் பார்க்கல என்றாராம்.

அந்த மழைக்காலத்தில் தபால்காரியும் ஒரு முடிவுக்கு வந்தாள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவள், கையை மேசையில் வைத்தபடி நெடுநேரம் அப்படியே இருந்தாள். கை நகரவில்லை. வலி எதுவும் இல்லை, நகர மனசில்லை. பதிப்பு வெளியிடும் பொறுப்பை இனி என்னால் பார்க்க முடியாது, முடிந்தபோது ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்று கூட்டத்துக்கு எழுதினாள். மறுபடியும் அந்தப் பழைய மௌனம். இந்தத் தடவை அவள் அதை உடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ டாக்டர், நானே பார்க்கிறேன், நோயாளிகளும் இப்போது குறைவுதான் என்று எழுதினார்.

அவர் வெளியிட்ட முதல் பதிப்பு தாமதமாக வந்தது. வந்ததிலும் முகவரிப் புத்தகம் பெயர்களைத் தலைகீழ் வரிசையில் காட்டியது. மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார். தன் சிநேகிதிகளெல்லாம் கீழிருந்து மேலே ஏறிவிட்டார்கள் என்று மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எந்த வரி என்று அவளுக்குத் தெரிந்தது. விரல் துறுதுறுத்தது. டாக்டருக்கு எழுதுங்க அத்தை என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். மாமியார் டாக்டருக்கு எழுதினார். அவர் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாரம் சரிசெய்து அனுப்பினார். அதோடு இருவரும் மெயிலில் சிநேகிதமாகி, மாமியாரின் கடைவாய்ப் பல்லைப் பற்றியெல்லாம் பேச ஆரம்பித்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரைநாள் கடை முடிந்து, கணவரும் தம்பியும் நனைந்தபடி சாப்பிட வந்தார்கள். தபால்காரி சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் ஒட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். படங்களைத் திறக்கும் இடத்தில் ஓர் ஓட்டை. குட்டியில் போன வருஷமே அடைத்துவிட்டார்கள், மூட்டைக்கு இப்போதுதான் முறை வந்தது. அந்த ஒட்டில் முதல் இரண்டு பாகமும் பழைய இயந்திரத்தில் பொருந்தின. மூன்றாவது மட்டும் எதற்கென்றே அவளுக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் எடுக்க வந்த தம்பி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். டம்ளரோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"இது நான் எழுதினது" என்றான்.

"மேலயே உன் பேர் இருக்கே. இந்த மூணாவது பாகம் எதுக்குடா?"

அவன் டம்ளரை மேசையில் வைத்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஆனால் கைகளை மேசைக்குக் கீழேயே வைத்துக்கொண்டான்.

"அது ஒண்ணுமில்லக்கா. பயத்துல போட்டது. யார் யாரை அனுப்பப் போறாங்கன்னு பேச்சு ஓடிக்கிட்டிருந்த நேரம். எதையாவது விட்டுட்டா என் தலைதான் முதல்ல உருளும்னு தோணுச்சு. ரெண்டாவது பாகத்துலயே சரிபார்த்தாச்சு. மறுபடியும் ஒரு தடவை சரிபார்த்தேன்."

"அப்ப இல்லாமலே ஓடுமா?"

"நல்லாவே ஓடும். தூக்கிடு."

அவள் அந்த வரிகளை அழித்தாள். மீதியைச் சேர்த்துக் கட்டி, ஓடுகிறதா என்று பார்க்கக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தாள். கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் இப்போதைக்கு எழுந்திருக்கப் போறதில்ல, அப்ப நான் சாப்பிடறேன் என்று தட்டை வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் நெடுநேரம் முனகியது. கடைசியில் சிவப்பில் ஒரு பிழை வரி வந்து நின்றது. இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில், வேறு ஏதோ.

தம்பி அந்த வரியைப் படித்தான். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். அவளும் அவனைக் கேட்கவில்லை. இதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தாள். மூடும்போது கண்களைக் கசக்கிக்கொண்டாள்.

"கண்ணாடியைக் குடு" என்றான் அவன்.

வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சட்டை நுனியால் துடைக்கப்போனவன் நிறுத்திக்கொண்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தான். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.